றங்குப்பெட்டியில் ஒன்பது பேர்

அம்மம்மாவின் செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். "அந்தக் காலத்துச் சாப்பாடு, தம்பி. குரக்கன், எருமைத் தயிர், கைக்குத்தரிசி. அதுதான் தொண்ணூற்று நான்கு வயது வரை பல்லுக்கூட விழாமல் இருந்தார்." இதைச் சொன்ன பெரியவரின் கையில் மூன்று கரண்டி சீனி போட்ட தேநீர் இருந்தது. பக்கத்தில் இருந்தவர் பெருமூச்சு விட்டு, "நாங்கள் எல்லாம் அறுபதைக் காண மாட்டோம்" என்றார். ஏதோ பட்டம் கிடைத்ததுபோல இருந்தது அவருடைய முகம்.

(பல் விழவில்லை என்பது பொய். சாவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே கீழ்வரிசை முழுக்கப் போய்விட்டது. கட்டுப் பல்லைச் சாப்பிடும்போது கழற்றி வைப்பார், ஆட்கள் வந்தால் மாட்டிக்கொள்வார். செத்த வீட்டில் இதையெல்லாம் திருத்திக்கொண்டிருக்க முடியாது.)

அது 2016 ஐப்பசி. முப்பத்தோராம் நாள் கிரியைக்குக் கன்னியாவுக்குப் போனோம். அங்கே ஏழு வெந்நீர்க் கிணறுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சூடு வேறு வேறு. இராவணன் தன் தாய்க்குக் கருமம் செய்ய உண்டானவை என்பது ஐதீகம். அதனால்தான் திருகோணமலைச் சைவர்கள் தாய் தகப்பனுக்குக் கடைசிக் கடன் கழிக்க அங்கே போகிறார்கள். அன்று கார்த்திகை மழை விட்டு விட்டுப் பெய்தது. தலையில் விழுந்தது குளிர்ந்த மழை, வாளியில் அள்ளி ஊற்றியது சூட்டு நீர்.

திரும்பி வந்து, பாலையூற்று வீட்டில் அம்மா அம்மம்மாவின் றங்குப்பெட்டியைத் திறந்தார். சேலைகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அடியில் ஒரு பழைய பிஸ்கட் தகரம். அதற்குள் எண்ணெய்த் துணியில் சுற்றிய காகிதங்கள். அம்மம்மாவின் தகப்பன், எனக்குப் பூட்டன், தம்பலகாமத்தில் வயல் செய்தவர். எழுத வாசிக்கத் தெரிந்தவர். பிள்ளை பிறந்த நேரத்தை வருடம், மாதம், நட்சத்திரம், நாழிகை என்று தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். மொத்தம் ஒன்பது குறிப்புகள். அம்மம்மாவுடையது துந்துபி வருடம் ஆவணி, அதாவது 1922.

எங்களுக்குத் தெரிந்தவர்கள் நான்கு பேர்தான். மற்ற ஐந்து பேரும் இருந்தார்கள் என்றே தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அம்மம்மா ஒருநாளும் சொன்னதில்லை.

நான்கு குறிப்புகளில் மட்டும் கட்டம் போட்டு முழுச் சாதகம் கணித்திருந்தது. மற்ற ஐந்திலும் பிறந்த நேரம் மாத்திரம். சாதகம் கணிக்கக் காசு கொடுக்கும் வரைக்கும் அந்தப் பிள்ளைகள் இருக்கவில்லை. பின்பக்கத்தில் பூட்டன் ஒன்றிரண்டு சொல் எழுதியிருந்தார். "பன்னிரண்டாம் நாள், பட்சி தோஷம்." "ஒன்பதாம் நாள், பட்சி தோஷம்." "மூன்று வயதில், குளிர்காய்ச்சல்." "ஆறு வயதில், குளிர்காய்ச்சல்." "ஒரு வயதில், வயிற்றோட்டம்." சாதகம் கணித்த நால்வரில் ஒருத்தி பத்தொன்பது வயதில் தலைப்பிள்ளைப் பேற்றில் போய்விட்டாள். மிஞ்சியவர்கள் மூன்று பேர். 61 வயதில் இறந்த ஒரு தம்பி, 72 வயதில் இறந்த மூத்த அக்கா, 94 வயது வரை இருந்த எங்கள் அம்மம்மா.

நான் அங்கேயே தொலைபேசியில் கூட்டிப் பார்த்தேன். ஒன்பது பேரின் வயதும் சேர்த்து 256. ஒன்பதால் வகுத்தால் 28 சொச்சம். ஒரே வயிறு, ஒரே அடுப்பு, அதே குரக்கன், அதே எருமைத் தயிர்.

1920களின் தொடக்கத்தில் இலங்கையில் பிறந்த ஒருவரின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 32 வயது என்று புள்ளிவிவரம் சொல்கிறது. முன்பு அதை வாசித்தபோது, முப்பத்திரண்டு வயதில் எல்லோரும் நரைத்துக் கிழடாகி விழுந்தார்கள் என்று சொல்வதுபோல அபத்தமாகத் தெரிந்தது. பிஸ்கட் தகரத்தைத் திறந்த பிறகுதான் அந்த எண்ணுக்கு உள்ளே இருப்பது புரிந்தது. ஏழு வயதுக்குள் பாதிக் குடும்பம் போய்விட்டது. அந்த வேலியைத் தாண்டியவர்களுக்கு அறுபதும் எழுபதும் ஒன்றும் அதிசயமான வயதில்லை. செத்த வீட்டுக்கு வந்து "அந்தக் காலத்து மனிதர்" என்று வியப்பவர்கள், வேலியைத் தாண்டி வந்த ஒருவரைப் பார்த்துவிட்டு, வேலியே இல்லை என்கிறார்கள். பன்னிரண்டாம் நாளில் செத்தவனுக்குச் செத்த வீடும் இல்லை, அவன் என்ன சாப்பிட்டான் என்று வியக்க ஆளும் இல்லை.

எங்கள் கரையிலேயே இதற்கு ஒரு பழைய கதை உண்டு. புயலில் சேதமான ஓர் ஆங்கிலக் கப்பல் 1660 இல் கொட்டியாரக் குடாவுக்குள் வந்து நின்றது. மூதூர்ப் பக்கம் கரை இறங்கியவர்களைக் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். கப்பல் தலைவனும் அவன் மகனும் அதில் அகப்பட்டார்கள். இருவருக்கும் ரொபர்ட் நொக்ஸ் என்றுதான் பெயர். இருவரும் ஒரே ஊரில் ஒரே சோற்றைத் தின்றார்கள், ஒரே காய்ச்சலில் விழுந்தார்கள். தகப்பன் 1661 இல் இறந்துபோனான். மகன் பத்தொன்பது வருடத்துக்கு மேல் சிறையிருந்து, 1679 இல் தப்பி ஓடி, கிட்டத்தட்ட எண்பது வயது வரை வாழ்ந்து 1720 இல் செத்தான். மகனை மட்டும் பார்ப்பவன் கண்டிச் சீமையின் சோற்றைப் புகழ்ந்து காணொளி போடுவான்.

சரி, பிள்ளைகளைக் கொன்றது எது? "பட்சி தோஷம்" என்று எழுதிய இரண்டும் ஒன்பதாம் நாளும் பன்னிரண்டாம் நாளும் நடந்தவை. பிறந்து ஒரு கிழமைக்குள் பால் குடிக்காமல், தாடை இறுகி, உடல் வில்லாக வளைந்து இழுக்கும் நோய்க்கு ஊரில் அந்தப் பெயர் இருந்தது. மாலை மங்கியபின் பறவை நிழல் பட்டுவிட்டது என்பார்கள். இன்று அதை வாசிக்கும்போது எனக்குத் தொப்புள்கொடி வெட்டிய கத்தியும் அதன்மேல் அப்பிய சாம்பலும்தான் நினைவுக்கு வருகின்றன. ஏற்பு நோய்க் (ரெற்றனஸ்) கிருமி அந்த வழியாகத்தான் உள்ளே போகும். கொதித்த நீரில் போட்ட கத்தியும் தாய்க்கு ஏற்றும் ஏற்பு ஊசியும் அந்தப் பறவையை ஊரைவிட்டே துரத்திவிட்டன. 1935 இல் இந்த நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 பேர் முதல் வருடத்துக்குள் இறந்தார்கள். இன்று அந்த எண் பத்துக்கும் கீழே.

குளிர்காய்ச்சல் என்பது மலேரியா. 1934, 35 இல் வந்த பெருங்கொள்ளையில் நாடு முழுக்க ஏறக்குறைய 80,000 பேர் செத்தார்கள். அது பெரும்பாலும் தென்மேற்கில், மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கிய இடங்களில் அடித்தது. எங்கள் பக்கத்துக்கு அப்படி ஒரு வருடம் தனியாக வர வேண்டியதில்லை. குளமும் வயலும் உள்ள வரண்ட வலயத்தில் வருடந்தோறும் மாரி முடிய அது வந்தது. அம்மம்மா சொல்வார், தை மாதம் பள்ளிக்கூடத்தில் பாதி வாங்கு காலியாக இருக்குமாம். வந்த பிள்ளைகளும் மண்ணீரல் வீங்கி, வயிறு முன்தள்ளி, கொயினா மருந்தின் கசப்பில் முகம் சுளித்தபடி இருக்குமாம்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு நுளம்பைக் கொல்லும் டி.டி.ரி. மருந்து வந்தது. கடித்த நுளம்பு இரத்தப் பாரம் தாங்காமல் சுவரில் உட்கார்ந்துதான் இளைப்பாறும். ஆகவே மருந்தைச் சுவரில் அடித்தார்கள். அம்மம்மாவுக்கு இது அறவே பிடிக்கவில்லை. மண்சுவரில் வெள்ளை வெள்ளையாய்ப் படிந்து வீடு சுடுகாடுபோல ஆகிவிட்டது என்று, மருந்தடித்தவர்கள் படலையைத் தாண்டியதும் சாணம் கரைத்து முழுச் சுவரையும் மெழுகிவிட்டாராம். அதைச் சாகும்வரை பெருமையாகச் சொன்னார். மெழுகாத அக்கம்பக்கத்து வீடுகள்தான் அவரையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

1946 இல் ஆயிரத்துக்கு இருபதாக இருந்த இறப்பு விகிதம் அடுத்த ஒரே வருடத்தில் பதினான்காக இறங்கியது. அது டி.டி.ரி.யின் வேலையா, யுத்தப் பஞ்சம் தீர்ந்து சோறு வந்ததாலா, ஊர் ஊராக ஆஸ்பத்திரிகள் திறந்ததாலா என்று அறிஞர்கள் நெடுங்காலம் சண்டை பிடித்தார்கள். எல்லாம் சேர்ந்துதான் என்று எனக்குப் படுகிறது. 1963 இல் நாடு முழுவதும் 17 மலேரியா நோயாளிகள்தான். வெற்றி வந்துவிட்டது என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். 1969 இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. உள்நாட்டிலேயே தொற்றிய கடைசி நோயாளி 2012 இல் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. இரண்டு உடன்பிறப்புகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்த அம்மம்மா அதற்கு அடுத்த மாதம் கண்ணை மூடினார். அந்தச் செய்தியை நான் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. அப்போது எனக்கும் அது ஒரு செய்தியாகப் படவில்லை.

பத்தொன்பது வயதில் போனவளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இன்று எல்லா நாட்டிலும் பெண்கள்தான் ஆண்களைவிட அதிக காலம் இருக்கிறார்கள். இலங்கையில் 1960களின் தொடக்கம் வரைக்கும் நிலைமை தலைகீழ். 1930களில் ஓர் இலட்சம் பிரசவத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று முப்பது வரையில் நிற்கிறது. இதைச் சாதித்தது பெரிய சத்திர சிகிச்சைக் கூடங்கள் மாத்திரமில்லை. சைக்கிளில் ஒழுங்கை ஒழுங்கையாக வந்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இரத்தச்சோகைக் குளிசை கொடுத்து, "இந்த முறை வீட்டில் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போ" என்று மாமியாரோடு மல்லுக்கட்டிய குடும்பநல மருத்துவமாதுதான் அந்த எண்ணை இறக்கினார். அவரைப் புகழ்ந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி இதுவரை எனக்கு வந்ததில்லை. குரக்கனைப் புகழ்ந்து கிழமைக்கு நான்கு வருகின்றன.

குரக்கனில் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் அம்மம்மாவிடம் அந்தக் காலத்துச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் அவர் முதலில் சொல்வது பசியைத்தான். பெரும்போக நெல் வீட்டுக்கு வர மாசி, பங்குனி ஆகும். பழைய நெல் ஐப்பசியிலேயே தீர்ந்துவிடும். ஐப்பசி தொடக்கம் தை வரை மழை, கூலி வேலை இல்லை, மூட்டை வெறுமை. அந்த மாதங்களில் குரக்கனும் சோளமும் முருங்கையிலைக் கஞ்சியும் பழஞ்சோற்றுத் தண்ணீரும். பிறகு அதன் தலைமேலேயே குளிர்காய்ச்சல். குரக்கன் பிட்டை அவர் ஒருநாளும் வாஞ்சையோடு நினைவுகூர்ந்ததில்லை. நான் கடையில் கூடிய விலைக்குக் குரக்கன் மா வாங்கி வந்த அன்று, "ஏன், அரிசி முடிந்துவிட்டதா?" என்று கேட்டார்.

அந்த வாழ்க்கையில் உடம்புக்கு நல்லது எதுவும் இருக்கவில்லை என்று சொல்லமாட்டேன். அவருடைய கெண்டைக்கால் தொண்ணூறிலும் கயிறு முறுக்கினதுபோல இருந்தது. கிணற்றுக்கு, வயலுக்கு, குளத்துக்கு, கோயிலுக்கு என்று எல்லாவற்றுக்கும் நடை. ஆதி கோணநாயகர் கோயில் கொடியேற்றத்துக்கு நடக்காமல் போனால் அது போனதாகவே கணக்கில்லை. நெல்லைக் குற்றினார், மாவை இடித்தார், தண்ணீர் இழுத்தார். தின்ற சோறு உடம்பில் தங்க நேரம் கிடைக்கவில்லை. நான் முந்நூறு யார் தூரத்திலுள்ள கடைக்கு மோட்டார் சைக்கிளை உதைக்கிறேன். எனக்கு அவரிடமிருந்து வேண்டியது அந்தக் கால்தான், ஆனால் அதைப் பொதியில் கட்டி விற்கிறவர் யாருமில்லை.

பாண் எங்கள் வீட்டுக்குள் வந்ததற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1942 இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. அதே வருடம் சித்திரையில் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டும் விழுந்தது. அரிசிக்குப் பங்கீடு வந்தது, கோதுமை மா வந்தது. யுத்தம் போய்விட்டது, மா போகவில்லை. 1980 இல் எங்கள் சீனன்குடாவிலேயே பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கியது. நாட்டின் பாணுக்கும் பராட்டாவுக்கும் மா எங்கள் குடாவிலிருந்து போவதில் சின்ன வயதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. காலையில் பாணும் சம்பலும், இரவில் கொத்துரொட்டி, இடையில் ஐந்து தேநீர். ஒரு தேநீருக்கு இரண்டு கரண்டி என்றால் ஒரு நாளைக்கு நாற்பது கிராமுக்குக் குறையாத சீனி தேநீரிலேயே போய்விடுகிறது. இருபத்தைந்துக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார அமைப்பு. பிஸ்கட்டும் சோடாவும் அந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

இலங்கையில் இன்று நடக்கும் ஐந்து மரணங்களில் நான்கு தொற்றாத நோய்களால் நடப்பவை. இருதயம், பாரிசவாதம், சலரோகம், புற்றுநோய். நுளம்பும் முழுக்க விட்டுவிடவில்லை. 2017 இல் டெங்கு கிண்ணியாவைப் போட்டு உலுப்பியதை இங்கே யாரும் மறக்கமாட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் ஆயுளைப் பற்றிப் பேசுகிறவன் ஷெல்லையும் 2004 மார்கழிக் கடலையும் விட்டுவிட்டுப் பேசவும் முடியாது. என்னோடு படித்தவர்களில் ஐம்பதைக் காணாதவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பது அவர்களுடைய கதையில் ஒரு பொருட்டே இல்லை. அது இன்னொரு நாள் எழுத வேண்டியது.

அம்மாவுக்கு இப்போது எண்பது. சலரோகம் கண்டுபிடித்து இருபத்தைந்து வருடமாகிறது. மாதக் கிளினிக்குக்கு விடியற்காலையிலேயே வெளிக்கிடுவார். பொலித்தீன் பையில் நான்காவது கிளினிக் கொப்பி, ஓரம் நைந்தது. ஐந்து வகைக் குளிசை. அதில் மெட்போமினைப் பற்றி நான் அந்தத் தேநீர்ப் பெரியவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஐரோப்பாவில் நாட்டு வைத்தியர்கள் கையாண்ட ஒரு செடியின் சத்தைத் தொடர்ந்து போய்த்தான் அந்த மருந்தைச் செய்தார்கள். 1957 இல் பிரான்சில் சலரோகத்துக்குக் கொடுத்து வெளியிட்டார்கள். செடியைப் பழித்தவர் யாருமில்லை. அளவு பார்த்தார்கள், யாருக்கு ஆகாது என்று பார்த்தார்கள், அவ்வளவுதான்.

போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் போனேன். தாதி அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, கால் மரத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு மெல்லிய நைலோன் இழையால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டார். தொடும்போதெல்லாம் அம்மா "ஓம்" என்று சொல்ல வேண்டும். பெருவிரல், ஓம். நடுப்பாதம், ஓம். குதிக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் இழை வளைந்தது, அம்மா பேசாமல் இருந்தார். "இந்த இடத்தைத் தினமும் கண்ணாடி வைத்துப் பாருங்கள் அம்மா, செருப்பில்லாமல் முற்றத்தில் இறங்காதீர்கள்" என்றார் தாதி.

எனக்கு அப்போது பெரிய அம்மம்மாவின் கால் நினைவுக்கு வந்தது. அந்த 72 வயது மூத்த அக்கா. 1986, 87 வாக்கில், எனக்குப் பதின்மூன்று பதினான்கு வயதிருக்கும். தம்பலகாமத்து வீட்டுத் திண்ணையில் வலது காலை நீட்டிக்கொண்டு இருப்பார். சுண்டுவிரலில் முள் குத்திய புண். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டியிருக்கும். கட்டைப் பிரிக்கும்போது சிறுவர்களை வெளியே போகச் சொல்வார்கள். நான் ஒருமுறை ஒளிந்து நின்று பார்த்தேன். மூன்று விரல்கள் வெயிலில் காய்ந்த பேரீச்சம்பழம்போலக் கறுத்து இருந்தன. நோகவில்லை என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வளவில் அவர் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கும் என்று பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அம்மம்மாவின் தம்பி அதே காலத்தில், 61 வயதில், இரவு சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் காலையில் எழும்பவில்லை. "புண்ணியவான், நல்ல சாவு" என்றது ஊர்.

அம்மாவின் கொப்பி எழுதி முடியும்வரை சும்மா இருந்த என்னைத் தாதி நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கும் வயது ஐம்பது கடந்திருக்குமே. ஒருக்கால் பார்த்துவிடுவோமா, அண்ணா?" விரல் நுனியில் ஒரு குத்து. இரண்டு நாள் கழித்து வெறுவயிற்றில் இன்னொரு குத்து. நான் பயந்த எண்தான் வந்தது. புதுக் கொப்பி ஒன்றை எடுத்து என் பெயரையும் 52 என்ற வயதையும் எழுதினார்.

"குடும்பத்தில் யாருக்காவது சலரோகம், பிரஷர், மாரடைப்பு உண்டா?"

"அம்மாவுக்குச் சலரோகம்."

"அது தெரியும். அதற்கு முந்திய ஆட்கள்? அம்மம்மாவின் சகோதரங்கள்?"

திண்ணையில் நீட்டியிருந்த காலை எண்ணினேன். எழும்பாத தம்பியை எண்ணினேன். கட்டம் போடாத ஐந்து காகிதங்களை எண்ணினேன். "யாரும் சோதித்துப் பார்க்கவில்லை" என்றேன்.

எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவர் அந்த இடத்தில் "இல்லை" என்று எழுதிக் கொப்பியை என் பக்கம் தள்ளினார்.